கடற்பறவைக் காலனியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பாறைத் தீவுகளுக்கும் கடலோரக் காப்பகங்களுக்கும் முதல்முறையாகப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும், அங்கே சொல்ல வேண்டியது அதிகம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் வந்து போனது பறவைக்கு ஒரு பொருட்டாகவே தெரியக் கூடாது. கீழே வரும் விதிகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

இவ்வளவு பறவைகள் ஏன் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன?

உலகில் ஏறக்குறைய 350 வகைக் கடற்பறவைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இரை தேடுவது, உறங்குவது, இளைப்பாறுவது எல்லாமே கடலில்தான். முட்டையிடத்தான் கட்டாயமாகக் கரைக்கு வர வேண்டும். அதற்கும் எல்லாக் கரையும் சரிப்படாது. எலியோ நரியோ பூனையோ ஏற முடியாத இடமாக இருக்க வேண்டும், எட்டும் தூரத்தில் மீனும் கிடைக்க வேண்டும். இரண்டும் அமைகிற இடங்கள் குறைவு என்பதால், கிடைத்த இடத்தில் குவிந்துவிடுகின்றன. கடற்பறவை வகைகளில் சுமார் 95 சதவீதம் இப்படிக் கூட்டமாகத்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. கூட்டத்தில் இன்னொரு லாபமும் உண்டு: எதிரி வந்தால் ஆயிரம் கண்களில் ஒன்றாவது பார்த்துவிடும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கும் பாஸ் ராக் இதற்கு நல்ல உதாரணம். கானெட் என்னும் பெரிய வெள்ளைப் பறவைகள் 2014 கணக்கெடுப்பில் அங்கே 75,000 ஜோடிகளுக்கு மேல் இருந்தன. அப்போது அந்த இனத்துக்கு உலகிலேயே பெரிய காலனி அதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும். கிட்டே போனால் அந்த வெள்ளையில் பாதி பறவை, பாதி எச்சம்.

இந்தக் கூட்டத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பக்கத்துக் கூட்டில் இருப்பவரின் அலகு எட்டாத அளவுக்குத்தான் கூட்டுக்கும் கூட்டுக்கும் இடைவெளி. கடலிலிருந்து திரும்பிய பறவை கூட்டில் இறங்கியதும் துணையோடு மார்புக்கு மார்பு நின்று, கழுத்தை நீட்டி, அலகோடு அலகைக் கத்தி மோதுவதுபோல் உரசும். சிறிது நேரம் கழித்து, இதுவரை முட்டை காத்த பறவை புறப்பட வேண்டும். அப்போது அது அலகை நேராக வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து நகரும். “நான் கிளம்புகிறேன்” என்று துணைக்குச் சொல்லும் சைகை அது. ஒரே கூட்டைக் குறிவைத்து அரைமணி நேரம் பாருங்கள். பத்தாயிரம் பறவைகளைக் கண்ணால் மேய்வதைவிட அதில்தான் காலனி புரியும்.

எந்த மாதத்தில் போக வேண்டும்?

எந்தப் பறவையைப் பார்க்க வேண்டும், எந்தக் கடலில் என்பதைப் பொறுத்தது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆகஸ்ட் விடுமுறைக்கு வடக்கு அட்லாண்டிக் பக்கம் போய், வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வடக்கு அட்லாண்டிக் கரைகளில் ஏப்ரல் முதல் ஜூலை வரை பருவம். என்னைக் கேட்டால் ஜூன் என்பேன்: முட்டை, குஞ்சு, மீன் சுமந்து வரும் பெற்றோர் என எல்லாமே ஒன்றாகக் கிடைக்கும். வண்ண அலகுள்ள பஃபின் ஏப்ரலில் வந்து, ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ கடலுக்குத் திரும்பிவிடும். அதன் அலகின் பளிச்சென்ற நிறமும் இனப்பெருக்கக் காலத்தோடு சரி. குளிர்காலத்தில் அலகின் மேல் தகடுகள் உதிர்ந்து மங்கிவிடும். கானெட் மட்டும் நிதானம். பிப்ரவரியில் வந்தால் அக்டோபர் வரை இருக்கும்.

கில்லிமாட் ஜூலை நடுவிலேயே காலியாகிவிடும், ஆனால் அது போகும் விதம் பார்க்க வேண்டியது. இந்தப் பறவை கூடே கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் வெறும் கல்லின் மேல் ஒரே ஒரு முட்டை. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், இன்னும் பறக்கவே தெரியாத நிலையில், அந்தி சாயும் நேரத்தில் தந்தை கீழே கடலில் மிதந்தபடி குரல் கொடுக்கும். குஞ்சு விளிம்பில் நின்று தயங்கும், முன்னே வரும், பின்னே போகும், கடைசியில் குதித்துவிடும். பாறையில் மோதினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், உடல் அவ்வளவு லேசு. அங்கிருந்து அப்பாவும் பிள்ளையும் ஆழ்கடலுக்கு நீந்திப் போவார்கள். இன்னும் பல வாரங்களுக்கு இரை தேடித் தருவது அப்பாதான்.

தென் அரைக்கோளத்தில் கணக்கு தலைகீழ். அண்டார்க்டிக் பெங்குவின்களில் பலவற்றுக்கு நவம்பரில் முட்டை, டிசம்பர், ஜனவரியில் குஞ்சு.

வெப்பமண்டலத்தில் காலண்டரை நம்ப முடியாது. அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவில் கரும்முதுகு ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் வருடத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் பத்து மாதத்துக்குள் ஒருமுறை திரும்பி வருகின்றன. இந்த வருடம் ஜூனில் என்றால் அடுத்த முறை ஏப்ரல் வாக்கில். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் முன் காப்பகத்தைத் தொடர்புகொண்டு, “இப்போது கூட்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிடுவதே வழி.

நாளில் எந்த நேரம் நல்லது?

காலையும் மாலையும். நடுப்பகலில் பெற்றோரில் ஒருவர் கடலில் இருப்பார். பஃபின்கள் மாலையில் பொந்துகளின் வாசலில் கூட்டமாக வந்து நிற்கும். பாறை கிழக்கே பார்த்திருந்தால் படம் எடுக்கக் காலை வெளிச்சம், மேற்கே பார்த்திருந்தால் மாலை.

சில பறவைகளைப் பகலில் பார்க்கவே முடியாது. வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவில் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் ஏறக்குறைய 350,000 ஜோடிகள் இருக்கின்றன. உலகிலேயே அதிகமாக அது வாழும் இடம். ஆனால் பகலில் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாமல் போகலாம். ஒரு பாதி கடலில், மறுபாதி காலடியில் மண்ணுக்குள். இவற்றுக்குக் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி இருப்பதால் தரையில் நடக்க வராது, தவழும். பகலில் தரையிறங்கினால் கடற்காகங்கள் கொன்று தின்றுவிடும். அதனால் இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும், நிலா வெளிச்சமான இரவுகளில் வருவதே குறைவு. தீவில் இரவு தங்க அனுமதி கிடைத்தால் மேகமூட்டமான இரவைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு ஒளி டார்ச்தான் பயன்படுத்த வேண்டும். காலடி வைக்கும் முன் தரையைப் பாருங்கள், பாதையிலேயே பறவை உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு அருகில் போகலாம்?

அண்டார்க்டிகாவுக்கு வரும் பயணிகளுக்குப் பெங்குவினிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். காலாபகஸ் தீவுகளில் 2 மீட்டர். மனிதரைக் கண்டு ஓடக் கற்காத பறவைகள் அவை. வேறு இடங்களில் 50 மீட்டரில் நின்றாலே காலனி முழுக்க எழும்பிவிடும். ஆகவே பலகையில் எழுதியிருக்கும் எண் குறைந்தபட்சம் மட்டும். மிச்சத்தைப் பறவையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் அறிகுறி கழுத்து. சும்மா இறகு கோதிக்கொண்டிருந்த பறவை கோதுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நம்மையே பார்த்தால், அந்த இடமே எல்லை. அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்தது, முட்டைமேல் இருந்து எழுந்து நிற்பது, எச்சரிக்கைக் குரல் கொடுப்பது, தலையை மேலும் கீழும் ஆட்டுவது. இந்தக் கட்டத்தில் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். எழுந்து பறந்துவிட்டது என்றால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம்.

“பறந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும், அதில் என்ன?” என்று கேட்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும். குளிர்ப் பகுதியில் முட்டை குளிர்ந்துபோகும். வெப்பமண்டலத்தில் இதற்கு நேர் எதிர்: அங்கே தாய்ப்பறவை முட்டைமேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நிழல் தரத்தான், நண்பகல் வெயிலில் முட்டை கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். கில்லிமாட் பதறி எழும்போது விளிம்பில் இருக்கும் முட்டை உருண்டு கடலில் விழும். இதற்கெல்லாம் மேலே கடற்காகம் காத்துக்கொண்டிருக்கும். மனிதர் காலனியில் நடந்தால் கூடு காலியாகும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

பறவை அசையாமல் இருந்தால் பயப்படவில்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஹம்போல்ட் பெங்குவின்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, ஓர் ஆள் 150 மீட்டர் தொலைவில் நடந்து போனாலே துடிப்பு கூடியது தெரிந்தது. ஆகவே பலகை சொல்லும் தூரத்துக்கு மேலும் கொஞ்சம் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். உட்கார்ந்துகொண்டால் இன்னும் நல்லது. நிற்கும் மனிதரைவிட உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பறவைகள் சீக்கிரம் மறந்துவிடும்.

பாதையை விட்டு நாலடி இறங்கி நின்றால் என்ன ஆகிவிடும்?

பஃபினும் ஷியர்வாட்டரும் கூடு வைப்பது மண்ணுக்கடியில். மேலே பச்சைப் புல், கீழே முழுக்கப் பொந்து. ஒரு காலடியில் கூரை இடிந்து குஞ்சோடு மூடிக்கொள்ளும், உங்கள் காலும் முறியலாம். செங்குத்துப் பாறையின் ஓரத்தில் இது இன்னும் ஆபத்து. உறுதியான தரை போலத் தெரிகிற புல்விளிம்புக்கு அடியில் வெறும் காற்று இருக்கும். கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம். அவ்வளவுதான்.

மணல் கடற்கரையில் பறவையே இல்லாத இடத்துக்கு ஏன் வேலி போட்டிருக்கிறார்கள்?

பறவை இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை. சின்ன ஆலாக்களும் கரையோர உப்புக்கொத்திகளும் மணலில் கையளவு குழி பறித்து, அதிலேயே முட்டையிடுகின்றன. முட்டையின் நிறம் மணல், புள்ளிகள் கூழாங்கல். குஞ்சும் அப்படியே. ஆபத்து என்றால் ஓடாமல் தரையோடு படிந்துவிடும். தெரிந்தவர் விரல் நீட்டிக் காட்டினாலும் கண்டுபிடிக்க நேரமாகும். ஓதம் எட்டாத உயரத்தில் உள்ள உலர்ந்த மணலில்தான் இவை முட்டையிடும். நாமும் நடக்க அதையே விரும்புகிறோம், சிக்கல் அதுதான். இனப்பெருக்கப் பருவத்தில் நீர்விளிம்பை ஒட்டிய ஈர மணலிலேயே நடந்துவிட்டு வாருங்கள். தலைக்கு மேலே ஆலா வட்டமிட்டுக் கத்தினால் கூடு எங்கோ பக்கத்தில் இருக்கிறது. தேட வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

தலையில் கொத்த வருகிறதே, என்ன செய்வது?

அது வட துருவ ஆலா. கூட்டுக்குப் பக்கத்தில் யார் போனாலும் மேலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும், ரத்தமும் வரும். இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் பாதைக்குப் பக்கத்திலேயே கூடுகள் இருப்பதால் தொப்பி போடாமல் யாரும் இறங்குவதில்லை. கெட்டியான தொப்பி போடுங்கள். எது உயரமோ அதைத்தான் அது தாக்கும், எனவே ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டால் குச்சியைக் கொத்திவிட்டுப் போகும். பிடித்திருக்க வேண்டும், வீசக் கூடாது. நிற்காமல், ஓடாமல் நடந்துவிடுங்கள்.

கோபம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: 100 கிராம் அளவே எடையுள்ள இந்தப் பறவை ஒவ்வொரு வருடமும் வட துருவப் பகுதியிலிருந்து அண்டார்க்டிகா வரை போய்த் திரும்புகிறது. கருவி பொருத்திப் பார்த்ததில் வருடத்துக்கு சராசரியாக 70,000 கிலோமீட்டர் வந்தது.

படகு கடைசி நேரத்தில் ரத்தாகும் என்கிறார்களே?

ஆகும். வெயில் அடிக்கிறதே என்று பார்த்துப் பயனில்லை, அலையும் காற்றின் திசையும்தான் முடிவு செய்யும். தீவின் இறங்குதுறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசினால் படகால் அணைய முடியாது. ஸ்கோமருக்கு வடகாற்று ஆகாது. கையில் இன்னொரு நாளை ஒதுக்கி வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். படகுக்காரர் முடியாது என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

படகே இல்லாமல் கடல் வற்றும் நேரத்தில் நடந்து போகிற இடங்களும் உண்டு. வேல்ஸில் வர்ம்ஸ் ஹெட் அப்படி. வற்றம் உச்சத்துக்கு வரும் முன் இரண்டரை மணி, பின் இரண்டரை மணி மட்டுமே பாதை திறந்திருக்கும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் போய், நீர் ஏறி மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் நீந்தி வர முயலவே கூடாது. அடுத்த வற்றம் வரை மேட்டில் இருங்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

காற்றுத் தடுக்கும் மேலாடை, வழுக்காத காலணி, தொப்பி, குடிநீர், சாப்பாடு. பல தீவுகளில் கழிப்பறையும் இல்லை, நிழலும் இல்லை. குப்பையை எல்லாம் திரும்ப எடுத்துவர ஒரு பை. குமட்டல் வருகிறவர் படகு ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், ஏறின பிறகு போட்டுப் பலனில்லை.

பைனாகுலர் 8 மடங்கு போதும். படகில் 10 மடங்கு வைத்துப் பார்த்தால் பறவையும் ஆடும், தலையும் சுற்றும்.

நாற்றம் பற்றியும் கேட்கிறார்கள். உண்டு, கடுமையாகவே உண்டு. மீன் செரித்த எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அது. காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டால் பாதி குறையும். எச்சத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அந்தத் தீவின் செடிகளுக்கு உரம், மழையில் கரைந்து கடலில் இறங்கிச் சுற்றியுள்ள பவளப் பாறைகளுக்கும் அதுவே ஊட்டம்.

படம் எடுக்கலாமா? ட்ரோன்?

படம் எடுக்கலாம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் வையுங்கள். கறுத்த பாறையின் முன் வெள்ளைப் பறவையை எடுத்தால் கேமரா ஏமாந்து இறகு விவரமே இல்லாமல் வெளுத்துவிடும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் கூடாது. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் இரவு கடலிலிருந்து ஏறிவரும் குட்டிப் பெங்குவின்களைப் பார்க்கும் இடத்தில் ஃபிளாஷ் இல்லாத கைப்பேசிப் படத்துக்கும் தடை. யாராவது ஒருவர் ஃபிளாஷை அணைக்க மறப்பார், அதுவே போதும் என்பதால்தான்.

ட்ரோன் வேண்டாம். காப்பகம் அனுமதித்தாலும் வேண்டாம் என்பேன். மேலிருந்து வரும் எதுவும் பறவைக்குப் பருந்துதான். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ஆலாக்கள் முட்டையிட்டிருந்த மணல் திட்டில் ஒரு ட்ரோன் விழுந்தது. ஆலாக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன, திரும்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் மணலிலேயே கிடந்தன. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

நாயைக் கூட்டிப் போகலாமா?

கூடாது. கயிற்றில் பிடித்திருந்தாலும்.

காலணியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள், பையைத் திறந்து பார்க்கிறார்கள். ஏன்?

எலிக்காகவும் விதைக்காகவும் கிருமிக்காகவும். கடற்பறவைத் தீவுகளை அழித்ததில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. பல கடற்பறவைகள் வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும், எலி ஒரே இரவில் பல முட்டைகளைக் காலி செய்யும். தெற்கு அட்லாண்டிக்கின் கஃப் தீவில் சாதாரணச் சுண்டெலிகள் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. குஞ்சு எலியைவிடப் பலநூறு மடங்கு பெரியது, ஆனால் தரையில் இருக்கும் பாலூட்டியிடமிருந்து தப்ப அதற்குத் தெரியாது. அப்படி ஒரு எதிரியை அந்த இனம் கண்டதே இல்லை.

எலியை ஒழித்தால் பலன் கண்முன் தெரியும். இங்கிலாந்தின் லண்டி தீவில் 2002 முதல் 2004 வரை எலி ஒழிப்பு நடந்து, 2006-இல் எலியற்ற தீவாக அறிவித்தார்கள். சில நூறு ஜோடிகளாக இருந்த ஷியர்வாட்டர்கள் இப்போது பல ஆயிரம். தெற்கு ஜார்ஜியா தீவு 2018-இல் இந்த நிலையை எட்டியது. இவ்வளவு உழைப்பும் யாரோ ஒருவரின் முதுகுப்பையில் ஒளிந்து வரும் சூல்கொண்ட எலி ஒன்றால் வீணாகிவிடும். பையைத் திறந்து காட்டும்போது சலித்துக்கொள்ள வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் இருக்கும்போது போகலாமா?

காப்பகம் திறந்திருந்தால் போகலாம், மூடியிருந்தால் காரணம் இருக்கிறது. எச்5என்1 கிருமி 2022-இல் வடக்கு அட்லாண்டிக் காலனிகளைக் கடுமையாகத் தாக்கியது. ஃபார்ன் தீவுகளில் ஆட்கள் இறங்குவதை நிறுத்தினார்கள், பாஸ் ராக்கில் வெள்ளைப் பரப்பில் திட்டுத் திட்டாக வெற்றிடம் விழுந்தது. வெளிர்நீலக் கண் கொண்ட கானெட்களில் சில, நோயிலிருந்து பிழைத்த பிறகு கருவிழி கறுத்துப் போய் நின்றன. இப்போதும் கறுத்த கண்ணுள்ள கானெட்டைப் பார்த்தால் அது அந்த நோயைத் தாண்டி வந்த பறவையாக இருக்கலாம்.

செத்த பறவையையோ சோர்ந்து கிடக்கும் பறவையையோ தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக் காப்பாளரிடம் சொல்லுங்கள்.

குஞ்சு தனியாக நிற்கிறது. தூக்கி வரலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அதன் பெற்றோர் மீன் பிடிக்கப் போயிருப்பார்கள். ஃபுல்மார் குஞ்சாக இருந்தால் அதுவே உங்களுக்குப் பாடம் சொல்லிவிடும்: நெருங்கினால் வயிற்றிலிருக்கும் நாற்றமெடுத்த எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கும், துணியில் பட்டால் போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் பஃபின் குஞ்சுகள் முதல்முறை பொந்தை விட்டு இரவில் கிளம்பும்போது, ஊர் விளக்குகளைக் கடல்மேல் உள்ள ஒளி என்று நம்பித் தெருவில் இறங்கிவிடும். பிள்ளைகள் அவற்றைத் தேடிப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் பாறைமேல் நின்று கடலை நோக்கி வீசிவிடுவார்கள். அங்கே அது ஊரே சேர்ந்து செய்கிற வேலை. மற்ற இடங்களில் காப்பாளர் கேட்டுக்கொண்டால் மட்டும்.

முதியவர்களும் சின்னக் குழந்தைகளும் வரலாமா?

படகும் வழுக்கும் படியும் உள்ள தீவுகள் அவர்களுக்குக் கஷ்டம். மேடை கட்டிய இடங்களைத் தேர்ந்தெடுங்கள். இங்கிலாந்தின் பெம்ப்டன் பாறைகளில் மேலிருந்தே கானெட் கூடுகளை எட்டிப் பார்க்கலாம். நியூசிலாந்தின் டைரோவா முனையில் ராயல் அல்பட்ராஸ்களைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காட்டுகிறார்கள். பாஸ் ராக்கில் இறங்க முடியாதவர்களுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்காட்டிஷ் கடற்பறவை மையத்தில் நேரடிக் கேமரா இருக்கிறது. குழந்தைகளை விளிம்புப் பக்கம் கைவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று திடீரென்று தள்ளும்.

ஆட்களே போகாமல் விட்டால் பறவைக்கு நல்லதில்லையா?

சில இடங்களில் நிச்சயமாக நல்லது. லட்சத்தீவின் பிட்டி தீவு ஆளில்லாத சின்ன மணல் திட்டு. அங்கே ஆலாக்கள் முட்டையிடுகின்றன, ஒதுங்கிக்கொள்ள மரம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சுற்றுலாப் போகாமல் இருப்பதே சரி.

ஆனால் கடற்பறவைகளைக் காப்பாற்றியதும் மனிதர்கள் பார்த்து மனம் மாறியதுதான். பறக்க முடியாத பெரிய ஆக் பறவையை இறைச்சிக்கும் இறகுக்கும் வேட்டையாடித் தீர்த்தார்கள். ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே பாறையில் 1844-இல் கடைசி ஜோடியைக் கொன்றார்கள். அடுத்த 25 வருடத்தில் பிரிட்டனில் கடற்பறவைகளைக் காக்கச் சட்டம் வந்தது, 1869-இல். அதற்கு முன் விடுமுறைக்கு வந்தவர்கள் படகில் போய்க் காலனிகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1903-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஃபுளோரிடாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பெலிகன் தீவைக் காப்பிடமாக அறிவித்தார். அதுதான் அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குக் காப்பிடம். முதல் காவலர் பால் க்ரோகல் அதற்கு முன்பே துப்பாக்கியோடு படகில் போய் அந்தத் தீவைக் காத்துக்கொண்டிருந்தவர்.

போன பறவையைத் திரும்ப வரவழைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் கரையில் ஈஸ்டர்ன் எக் ராக் தீவில் பஃபின்கள் வேட்டையில் அற்றுப் போயிருந்தன. பறவையியலாளர் ஸ்டீபன் க்ரெஸ் 1973-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கைப் பொந்துகளில் கையால் மீன் கொடுத்து வளர்த்துக் கடலுக்கு அனுப்பத் தொடங்கினார். கூட்டமாக வாழும் பறவை காலிப் பாறையில் இறங்காது என்பதால் மரத்தில் செதுக்கிய பஃபின் பொம்மைகளை நிறுத்தி வைத்தார். 1981-இல் அங்கே மறுபடி பஃபின் கூடு வைத்தது. இன்றைக்குப் படகில் வருகிறவர்கள் தீவில் இறங்காமல் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சரியாகப் படும் ஏற்பாடு அதுதான்.

காலில் வளையம் போட்ட பறவையைப் பார்த்தேன். என்ன செய்வது?

துரத்த வேண்டாம். ஸ்கோப்பிலோ பெரிதாக்கிய படத்திலோ வளையத்தின் நிறம், எழுத்து, எண், எந்தக் கால் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளும் இடமும் சேர்த்துக் காப்பகத்துக்கோ அந்த நாட்டின் வளையமிடும் அமைப்புக்கோ அனுப்புங்கள். எழுத்து பாதிதான் தெரிந்தது என்றால் பாதியை அனுப்புங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

சின்ன வளையம்தானே என்று விட்டுவிடக் கூடாது. 1956-இல் பசிபிக் கடலின் மிட்வே தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் ஒரு லேசான் அல்பட்ராஸின் காலில் வளையம் மாட்டினார். 2002-இல் அதே தீவில் அவரே மறுபடி பிடித்த பறவைகளில் ஒன்றின் வளைய எண்ணைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டபோது, அது 46 வருடத்துக்கு முன் தன் கையால் மாட்டியது என்று தெரியவந்தது. விஸ்டம் என்று பெயரிட்டார்கள். இந்த இனம் ஐந்து வயதுக்கு முன் முட்டையிடாது என்பதால், 1956-இல் முட்டையிட்டிருந்த அது 1951-க்குள் பொரித்திருக்க வேண்டும். 2024 கடைசியில் அது மறுபடியும் மிட்வேக்கு வந்து முட்டையிட்டது. வளையம் தேயத் தேயப் பலமுறை மாற்றினார்கள், எண்களின் தொடர் மட்டும் ஏட்டில் அறுபடாமல் இருக்கிறது.